குழந்தையின் பிறந்த நாள்: வீட்டுக்குள்ளேயே ஓடட்டும் இரயில்!

இன்றைய கலந்துரையாடலுக்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது பார்வைக்குச் சிறிய தலைப்பு. இரண்டு வயதுக் குழந்தையின் பிறந்த நாளை, குழந்தைக்குப் பிடித்த ஒரு கருப்பொருளோடு, வீட்டிலேயே, குறைந்த செலவில் எப்படிக் கொண்டாடுவது? "இதில் பேச என்ன இருக்கிறது, கேக் வாங்கினோமா, வெட்டினோமா, முடிந்தது" என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நம்மில் பல குடும்பங்களில் காரியம் அவ்வளவு எளிதாக முடிவதில்லை.

மண்டபம் எடுக்கிறோம். மேடை அலங்காரம், பலூன் வளைவு, புகைப்படக்காரர், இருநூறு பேருக்குச் சாப்பாடு என்று பட்டியல் நீள்கிறது. எல்லாம் கூடி சில ஆயிரம் வெள்ளியைத் தாண்டிவிடுகிறது. 2025ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் முதல் நம் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அந்த அளவில் சம்பாதிக்கும் குடும்பம் ஓர் இரவு விழாவுக்கு இரண்டு மூன்று மாதச் சம்பளத்தைக் கொட்ட வேண்டியிருக்கிறது. கையில் இல்லாதவர்கள் கடன் அட்டையைத் தேய்க்கிறார்கள், நகையை அடகு வைக்கிறார்கள். இன்னும் சிலர் வட்டி முதலைகளிடம் போய் நிற்கிறார்கள். குழந்தைக்கு மூன்று வயது முடிந்த பிறகும் இரண்டாம் வயது விழாவுக்கு வட்டி கட்டிக்கொண்டிருந்தால் அது கொண்டாட்டமா என்பதை நாம் சிந்தித்துப் பார்க்க வேண்டும்.

மண்டபத்தில் கொண்டாடுவது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. வசதி உள்ளவர்கள் செய்யட்டும். ஆனால் "வீட்டில் வைத்தால் மரியாதை இல்லை" என்ற எண்ணம் மட்டும் நமக்கு வேண்டாம். இந்த வயதுக் குழந்தைக்கு உண்மையிலேயே ஏற்ற இடம் அதன் வீடுதான். ஏன் என்று பார்ப்போம்.

குழந்தை என்ன பார்க்கிறது?

மண்டபத்தில் பெரும்பாலும் இரவு எட்டு மணிக்கு மேல்தான் கேக் வெட்டுகிறோம். அந்த நேரத்தில் குழந்தை தூக்கக் கலக்கத்தில் சிணுங்கும். ஒலிபெருக்கியில் பாட்டு அதிரும், முகம் தெரியாத பெரியவர்கள் கன்னத்தைக் கிள்ளுவார்கள், புதுச்சட்டை உறுத்தும். கடைசியில் அது வீறிட்டு அழும் படம்தான் ஆல்பத்தில் நிற்கும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. மூன்று, நான்கு வயதில் 10 முதல் 13 மணி நேரம். ஆகவே விழாவுக்கு நேரம் குறிக்கும்போது குழந்தை எப்போது தூங்கி எழுகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். நம் நாட்டு வெயிலுக்கும் குழந்தையின் உடம்புக்கும் காலை பத்து மணி முதல் பன்னிரண்டு வரை மிகப் பொருத்தம். விழா முடிந்ததும் குழந்தை பகல் தூக்கத்துக்குப் போய்விடும், நீங்களும் சற்றுக் கால் நீட்டலாம்.

அடுத்தது விளையாட்டு. அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன் 1932இல் எழுதிய ஆய்வில் சிறு பிள்ளைகளின் விளையாட்டை வகைப்படுத்தினார். அவற்றில் ஒன்று, பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே மாதிரிப் பொருளை வைத்துக்கொண்டு தனித்தனியே விளையாடுவது. இரண்டு வயதில் பெரும்பாலும் இப்படித்தான் விளையாடுவார்கள். குழுவாகச் சேர்ந்து, விதிமுறைப்படி, வெற்றி தோல்வியோடு ஆடுவது இன்னும் சில ஆண்டுகள் கழித்துத்தான் வரும். இது தெரிந்தால் பாதிச் செலவு தானாகக் குறைந்துவிடும். கோமாளி வேடம், மேஜிக், போட்டி, பரிசு எதுவும் இப்போது வேண்டாம்.

எத்தனை பேரை அழைப்பது? ஐந்தாறு குழந்தைகள், அவர்களோடு வரும் பெற்றோர், தாத்தா பாட்டி என்று பதினெட்டு, இருபது பேர் போதும். ஓர் அடுக்குமாடி வீட்டின் வரவேற்பறை அதற்குத் தாங்கும்.

கருப்பொருளைக் கடையில் தேடாதீர்கள்

'தீம் பார்ட்டி' என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது கார்ட்டூன் படம் அச்சிட்ட தட்டு, குவளை, தொப்பி, பதாகை என்று மொத்தமாக விற்கும் பொட்டலம்தான். பொட்டலத்தில் உள்ள பாத்திரத்தைக் குழந்தை பார்த்தே இருக்காது. பெரியவர்களுக்குப் பிடித்ததைக் குழந்தையின் தலையில் கட்டுகிறோம்.

ஒரு வாரம் குழந்தையைக் கவனியுங்கள். எதைக் கண்டதும் கையை நீட்டுகிறது? எந்தச் சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது? பூனையா, நிலாவா, பாட்டி வீட்டுக் கோழியா, மழையா, வாழைப்பழமா? அதுதான் உங்கள் கருப்பொருள். குழந்தைக்கு ஏற்கெனவே தெரிந்த பொருள் என்பதால் விழா நாளில் பார்த்தவுடன் முகம் மலரும். உங்கள் வீட்டிலேயே இருக்கும் பொருள்களை வைத்துச் செய்துவிடலாம் என்பதால் செலவும் குறையும்.

இன்று நாம் எடுத்துக்காட்டாக எடுத்துக்கொள்ளப்போவது இரயில். பிரிக்பீல்ட்ஸில் வளரும் குழந்தைக்கு இதைவிடப் பொருத்தமான கருப்பொருள் கிடைக்குமா?

செங்கல் சூளைகளால் பெயர் பெற்ற இந்த வட்டாரம் வளர்ந்ததே இரயிலோடுதான். 1886இல் கோலாலம்பூரில் இருந்து கிள்ளானை அடுத்த புக்கிட் கூடா வரை இரயில் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் போட்ட தொழிலாளர்களில் நம் தமிழர்கள் இருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள் நிலைய அதிபர்களாகவும் குமாஸ்தாக்களாகவும் வேலை பார்த்தார்கள். இரயில்வே பட்டறைகளும் ஊழியர் குடியிருப்புகளும் பிரிக்பீல்ட்ஸின் அடையாளமாக இருந்தன. பழைய இரயில்வே நிலத்தில்தான் 2001இல் கே.எல். சென்ட்ரல் நிலையம் திறக்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் தேதி மோனோரயில் ஓடத் தொடங்கியது. இன்றும் ஜாலான் துன் சம்பந்தனில் நின்று அண்ணாந்து பார்த்தால் தலைக்கு மேல் அது போவதைக் காணலாம். கொமுட்டர், இடிஎஸ், எல்ஆர்டி, விமான நிலைய விரைவு இரயில், மோனோரயில் என்று ஐந்து வகை இரயில்களை ஒரே வட்டாரத்தில் பார்க்கலாம்.

நம்மில் பலருடைய தாத்தாவோ பூட்டனோ இரயில்வேயில் வேலை பார்த்தவர்கள். அவர்களுடைய பழைய படம் வீட்டில் இருந்தால் விழா நாளில் சுவரில் மாட்டுங்கள். இரண்டு வயதுக் குழந்தைக்கு அந்தக் கதை இப்போது புரியாது. வந்திருக்கும் பெரியவர்கள் பேசிக்கொள்வார்கள், படம் ஆல்பத்தில் நிற்கும், பிற்காலத்தில் பிள்ளை கேட்கும்.

கிள்ளானில் இருப்பவர்கள் ஆறு, கப்பல், துறைமுகம் என்று வைத்துக்கொள்ளலாம். தோட்டப்புறத்தில் இருந்து வந்த குடும்பம் மாடு, கோழி, ஆட்டுக்குட்டி என்று வைக்கலாம். செய்முறை ஒன்றுதான்.

அட்டைப் பெட்டிதான் பெட்டி வண்டி

மளிகைக் கடையில், பேரங்காடியில் கேட்டால் காலி அட்டைப் பெட்டிகளைச் சும்மாவே கொடுப்பார்கள். ஒரு குழந்தை உட்காரும் அளவுக்கு ஆறு பெட்டிகள் வாங்கி வாருங்கள். உள்ளே இருக்கும் இரும்பு ஊசிகளை முதலில் பிடுங்கிவிட வேண்டும். விளிம்புகளை அகலமான ஒட்டுநாடாவால் மூடிவிடுங்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு நிறத் தாள், பக்கத்துக்கு இரண்டு வட்ட அட்டைச் சக்கரம், முன்பக்கம் குழந்தையின் பெயரைத் தமிழில் எழுதி ஒட்டினால் ஆளுக்கொரு பெட்டி வண்டி தயார். பெட்டிகளைக் கயிற்றால் கட்டி இழுக்க வேண்டாம், கயிறு கழுத்தில் மாட்டும். வரிசையாக வைத்தாலே போதும்.

தண்டவாளத்தை எப்படிச் செய்வது? வாசலில் இருந்து வரவேற்பறை வரை அரிசிமாவில் கோலம் போடுவது போல் இரண்டு நீளக் கோடும் குறுக்குக் கட்டைகளும் போட்டுவிடுங்கள். வழுவழுப்பான தரையாக இருந்தால் மாவு வழுக்கும், அங்கே நிற ஒட்டுநாடாவைப் பயன்படுத்தலாம். வருகிற ஒவ்வொரு குழந்தையும் அதன் மேல் நடந்துதான் உள்ளே வரும். சாப்பாட்டு மேசையின் மேல் பழைய சேலையை விரித்துத் தொங்கவிட்டால் சுரங்கப்பாதை. இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும்.

அலங்காரத்தில் எங்கள் தொலைக்காட்சித் துறையின் இரகசியம் ஒன்றைச் சொல்கிறேன். படப்பிடிப்புத் தளத்தில் நாங்கள் நான்கு சுவரையும் அலங்கரிப்பதில்லை. கேமரா பார்க்கும் சுவர் ஒன்றைத்தான் அலங்கரிப்போம். நீங்களும் கேக் வைக்கும் மேசைக்குப் பின்னால் இருக்கும் ஒரு சுவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். படம் எல்லாம் அங்கேதான் எடுக்கப்போகிறீர்கள்.

இன்னொன்று. இரண்டு வயதுக் குழந்தையின் சராசரி உயரம் ஏறக்குறைய 86 சென்டிமீட்டர்தான். கூரையில் தொங்கும் தோரணம் அதன் கண்ணுக்கே படாது. தரையில் இருந்து ஒரு மீட்டர் உயரத்துக்குள் இரயில் படங்களையும் நிற வட்டங்களையும் ஒட்டுங்கள். நிலைப்படியில் மாவிலைத் தோரணம் கட்டுங்கள். பிரிக்பீல்ட்ஸ் பூக்கடையில் இரண்டு முழம் பூ வாங்கி மேசையில் வைத்தால் எந்தப் பிளாஸ்டிக் பூவுக்கும் குறையாத அழகு.

இரண்டு மணி நேர நிகழ்ச்சி நிரல்

ஒரு நிகழ்ச்சிக்கு நிரல் முக்கியம். குழந்தைகளுக்கு அது எளிமையாக இருக்க வேண்டும்.

10.00 மணி: வரவேற்பு. வாசலில் 'டிக்கெட்' ஒன்று கொடுங்கள். அது உள்ளங்கை அளவு நிற அட்டை. உங்கள் குழந்தைக்குப் பழகிய ஆள் ஒருவரே கொடுப்பது நல்லது.

10.15 முதல் 10.50 வரை: அவரவர் விருப்பப்படி விளையாட்டு. அறையின் மூன்று மூலையில் மூன்று வேலை வையுங்கள். முதல் மூலையில் 'சரக்கு ஏற்றுதல்'. உருளைக்கிழங்கு, கேரட், எலுமிச்சம்பழம், பெரிய பந்து ஆகியவற்றைக் குவித்து வைத்தால் பெட்டி வண்டியில் போடுவதும் எடுப்பதுமாகக் குழந்தைகள் மெய்ம்மறந்து போவார்கள். இரண்டாம் மூலையில் சுரங்கப்பாதை. மூன்றாம் மூலையில் சக்கர அச்சு. பாதியாக வெட்டிய உருளைக்கிழங்கை, கோதுமை மாவும் சமையல் நிறமும் கலந்த குழம்பில் தொட்டுப் பெரிய தாளில் பதிக்கலாம். கீழே பழைய நாளிதழை விரித்துவிடுங்கள். ஒவ்வொரு மூலையிலும் குழந்தைகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பொருள் இருக்க வேண்டும். ஒரே ஒரு பந்து இருந்தால் அங்கே சண்டைதான் வரும்.

10.50 முதல் 11.10 வரை: இரயில் பயணம். பெயர் எழுதிய பெட்டியில் குழந்தைகள் உட்கார, ஒரு மாமாவோ சித்தப்பாவோ விசில் ஊதட்டும். கே.எல். சென்ட்ரல், பங்சார், கிள்ளான் என்று நிலையங்களின் பெயரைச் சொல்லட்டும். இறங்கி நடக்க விரும்பும் குழந்தையை விட்டுவிடுங்கள்.

11.10: கேக். 11.20: சாப்பாடு. 12.00: வழியனுப்புதல். ஏதாவது ஒரு பகுதியில் குழந்தைகள் ஒட்டவில்லை என்றால் அடுத்ததற்குப் போங்கள்.

பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் நிறையப் பேர் வாழும், வேலை பார்க்கும் வட்டாரம் பிரிக்பீல்ட்ஸ். மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இங்கேதான் இருக்கிறது. அப்படி ஒரு குழந்தையோ பெற்றோரோ உங்கள் விருந்தினர் பட்டியலில் இருந்தால், மேலே சொன்ன சரக்கு ஏற்றும் விளையாட்டும் விசில் ஒலியும் அவர்களுக்கும் பொருந்தும். தொட்டுப் பார்க்க, கேட்க, முகர்ந்து பார்க்கப் பொருள் இருந்தால் எந்தக் குழந்தைக்கும் கூடுதல் மகிழ்ச்சிதான்.

பெரியவர்கள் முறுக்கு, குழந்தைகள் தட்டில் வேண்டாம்

சின்ன இட்லி, உப்புமா, மீகூன், இனிப்புக் குறைத்த கேசரி, வாழைப்பழம், பப்பாளி, விதை நீக்கிய தர்ப்பூசணி. இவை போதும். சைவமாக வைத்தால் சமையலும் எளிது, செலவும் குறைவு. மலாய் அண்டை வீட்டார் வருவதாக இருந்தால் ஹலால் முத்திரை உள்ள பலகாரமும் முழுப் பழங்களும் தனியாக வாங்கி வையுங்கள். அவர்கள் தயங்காமல் எடுத்துக்கொள்வார்கள். அழைக்கும்போதே "பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது?" என்று எல்லாப் பெற்றோரிடமும் கேட்டுவிடுங்கள். கச்சான், முட்டை, பால் ஒவ்வாமை உள்ள பிள்ளைகள் உண்டு.

நான்கு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்கு முழுத் திராட்சை, கச்சான், முந்திரி, பாப்கார்ன், கல் மிட்டாய் ஆகியவை மூச்சுக்குழலை அடைக்கும் அபாயம் உள்ளவை. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் இவற்றைத் தவிர்க்கச் சொல்கிறது. திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். சாசேஜையும் வட்டமாக வெட்டாமல் நீளவாக்கில் மெல்லிய துண்டுகளாக வெட்டுங்கள். சின்னக் கிண்ணத்தில் வரும் கொன்ஜாக் ஜெல்லி அறவே வேண்டாம். அது தொண்டையில் சிக்கினால் கரையாது என்பதால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2002இல் அதற்குத் தடை விதித்தது. ஒரு வயது நிறையாத தம்பி தங்கைகள் வந்தால் அவர்களுக்குத் தேன் கொடுக்கக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

குழந்தைகள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஓடிக்கொண்டே சாப்பிடுவதுதான் ஆபத்து. எதற்கும் ஒருவருக்காவது முதலுதவி தெரிந்திருப்பது நல்லது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தைக்கு மூச்சு அடைத்து, இருமவும் முடியாமல் போனால், முன்பக்கம் சாய்த்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து முறை தட்ட வேண்டும். அதில் வெளியே வராவிட்டால் தொப்புளுக்குச் சற்று மேலே ஐந்து முறை உள்நோக்கி மேல்வாக்கில் அழுத்த வேண்டும். இரண்டையும் மாறி மாறிச் செய்துகொண்டே 999க்கு அழைக்கச் சொல்லுங்கள். குழந்தை நன்றாக இருமிக்கொண்டிருந்தால் இருமவிடுங்கள், வாய்க்குள் விரலை விட்டுத் துழாவ வேண்டாம்.

கேக்கும் குழாய்ப்புட்டும்

கேக்கை நம் நாளிதழ்களில் அணிச்சல் என்றும் எழுதுவார்கள். வீட்டில் செவ்வக அச்சில் ஒரு சாதா ஸ்பாஞ்ச் கேக் சுட்டு, நான்கு துண்டாக வெட்டி வரிசையாக வைத்தால் இரயில். வட்டமான பிஸ்கட் சக்கரமாகிவிடும். பல்குச்சி குத்தி ஒட்டாதீர்கள், கொஞ்சம் ஜாம் தடவினாலே ஒட்டிக்கொள்ளும்.

அடுப்புக்கு வழியில்லை என்றால் கவலை வேண்டாம். புட்டுக்குழாயில் இருந்து முழுசாகத் தள்ளிய குழாய்ப்புட்டைத் தட்டில் படுக்கவைத்துப் பாருங்கள், நீராவி எஞ்சின் மாதிரியே இருக்கும். ஆவியும் பறக்கும்! வேகவைத்த கேரட் வட்டங்கள் சக்கரம், பின்னால் வரிசையாகச் சின்ன இட்லிகள் பெட்டி வண்டி. புட்டு உதிரியாக இருந்தால் தொண்டையை அடைக்கும் என்பதால், குழந்தைக்குக் கொடுக்கும்போது வாழைப்பழத்தோடு நன்றாகப் பிசைந்து கொடுங்கள்.

மெழுகுவர்த்தி ஊதும் பழக்கம் 18ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் குழந்தைகளின் பிறந்த நாளில் இருந்து வந்தது. 2017இல் அமெரிக்காவின் கிளெம்சன் பல்கலைக்கழகத்தினர் ஓர் ஆய்வு செய்தார்கள். மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தபோது கேக்கின் மேற்பூச்சில் இருந்த பாக்டீரியா 1,400 விழுக்காடு கூடியது. இதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. பிறந்த நாள் குழந்தைக்கு ஒரு சின்ன கேக் துண்டில் மெழுகுவர்த்தி வைத்துவிட்டு, விருந்தினருக்கு வேறு கேக்கை வெட்டினால் போயிற்று. குத்துவிளக்கு ஏற்றி ஆரத்தி எடுக்கும் குடும்பங்கள் விளக்கைக் குழந்தைகளின் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள்.

நட்சத்திரப் பிறந்த நாள் அன்று கோயிலில் அர்ச்சனை, அடுத்து வரும் சனி ஞாயிறில் வீட்டு விழா என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நிம்மதியாக நடக்கும்.

பலூன் பற்றிக் கொஞ்சம் கவனம்

1824இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே தம் ஆய்வுக்காக முதல் ரப்பர் பலூனைச் செய்தார். நம் பாட்டன் பாட்டிமார் தோட்டத்தில் வெட்டி எடுத்த அதே ரப்பர் பாலில்தான் இன்றும் பலூன் செய்கிறார்கள். நமக்கு நெருக்கமான பொருள்தான். ஆனால் வெடித்த பலூனின் துண்டு சிறு குழந்தையின் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் எடுப்பது மிகக் கடினம். எட்டு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்கு ஆபத்து என்ற எச்சரிக்கையைப் பலூன் உறையில் அச்சிட வேண்டும் என்று அமெரிக்கா 1994இல் சட்டமே இயற்றியது. ஆகவே ஊதாத பலூனும் உடைந்த துண்டும் குழந்தையின் கைக்குப் போகவே கூடாது. காகிதத் தோரணமும் மாவிலையும் இருக்கும்போது பலூன் வளைவு எதற்கு?

பாட்டுப் பாடும் மெழுகுவர்த்தி, மின்னும் மோதிரம், ஒளிரும் பொம்மை ஆகியவற்றுக்குள் பொத்தான் அளவு பேட்டரி இருக்கும். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே உணவுக்குழாயில் புண் உண்டாகும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். கேக்கில் தூவும் மினுமினுப்புத் தூளும் 'உண்ணத் தக்கது' என்று உறையில் எழுதியிருந்தால் மட்டுமே வாங்க வேண்டும். அலங்காரத்துக்கான உலோகத் தூளைக் கேக்கில் போட்டதால் அமெரிக்காவில் குழந்தைகள் நோயுற்ற சம்பவத்தை அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் வெளியிட்டது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கழிவறைத் தாள் சுற்றிய அட்டைக் குழாயை எடுங்கள். அதற்குள் நுழையும் எந்தப் பொருளும் இந்த வயதுக் குழந்தையின் விளையாட்டுப் பொருள் ஆகக்கூடாது.

கணக்கு எவ்வளவு?

ஆறு குழந்தைகள், பன்னிரண்டு பெரியவர்கள் என்று வைத்துக்கொண்டு ஒரு மாதிரிக் கணக்குப் போடுவோம். உங்கள் வட்டார விலைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

நிற அட்டை, பசை, ஒட்டுநாடா: 25 வெள்ளி
மாவிலை, பூ: 15 வெள்ளி
கேக் பொருள்கள்: 35 வெள்ளி
சமையல் பொருள்கள்: 110 வெள்ளி
பழங்கள்: 25 வெள்ளி
பானம்: 10 வெள்ளி
குழந்தைகளுக்கு நினைவுப் பரிசு, ஆளுக்கு 5 வெள்ளி வீதம்: 30 வெள்ளி
கோயில் அர்ச்சனை: 10 வெள்ளி
கைவசம் இருக்கட்டும் என்று: 20 வெள்ளி

மொத்தம் 280 வெள்ளி. குறைந்தபட்ச மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. மாதம் 25 வெள்ளி ஒதுக்கினால் ஓராண்டில் 300 வெள்ளி சேர்ந்துவிடும். எந்தக் கடையிலும் கடன் சொல்ல வேண்டியதில்லை. தட்டு, குவளை எல்லாம் வீட்டில் இருப்பதையே பயன்படுத்துங்கள், போதாததைப் பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கலாம்.

மண்டபத்துக்கு என்று மனத்தில் வைத்திருந்த தொகையில் ஒரு பகுதியைப் பி.டி.பி.டி.என். நடத்தும் எஸ்.எஸ்.பி.என். கல்விச் சேமிப்பில் குழந்தையின் பெயரில் போட்டுவிடுங்கள். நினைவுப் பரிசுப் பையில் மிட்டாய்களுக்குப் பதில் ஒரு தமிழ்ப் படப் புத்தகமோ, தடித்த வண்ணப் பென்சிலோ வைக்கலாம்.

சொந்தக்காரர்கள் கேட்டால்?

நிகழ்ச்சிகளில் தாய்மார்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதைத்தான். "மாமியார் வீட்டில் குறை சொல்வார்களே, நாத்தனார் பிள்ளைக்குப் பெரிதாகச் செய்தார்களே, நாங்கள் மட்டும் வீட்டில் வைத்தால் என்ன நினைப்பார்கள்?"

மறைக்க வேண்டாம், விழாவுக்கு ஒரு மாதம் முன்பே பெரியவர்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். "அம்மா, பிள்ளை இருட்டினால் தூங்கிவிடுவான், காலையில் வீட்டிலேயே வைக்கிறோம். கேசரி உங்கள் கையால் செய்து கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். தாத்தாவை விசில் ஊதச் சொல்லுங்கள். அத்தையைச் சக்கரம் வெட்டச் சொல்லுங்கள். மண்டபத்தில் விருந்தாளியாக உட்கார்ந்து மொய் எழுதிவிட்டுப் போகிறவர்கள், இங்கே விழாவை நடத்துகிறவர்களாகிறார்கள். வேலை கொடுத்த வீட்டில் யாரும் குறை சொல்வதில்லை. அழைக்க முடியாத உறவினர்களுக்கு அடுத்த வாரம் இனிப்போடு குழந்தையைக் கூட்டிக்கொண்டு ஒரு நடை போய் வந்தால் மனத்தாங்கல் இருக்காது.

படம் எடுக்க ஒருவரை மட்டும் நியமியுங்கள். மற்றவர்கள் கைப்பேசியை வைத்துவிட்டுக் குழந்தைகளைப் பார்க்கட்டும். மற்றவர் பிள்ளைகளின் படத்தைச் சமூக ஊடகத்தில் போடுவதற்கு முன் அவர்களுடைய பெற்றோரைக் கேட்டுவிடுங்கள். வீட்டு எண்ணும் கார் எண்ணும் படத்தில் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு வாசகர்களே, இரண்டு வயதுக் குழந்தைக்கு எத்தனை பேர் வந்தார்கள், சாப்பாடு யார் வீட்டுச் சமையல் என்பதெல்லாம் தெரியாது. தன் பெயர் எழுதிய பெட்டியில் உட்கார்ந்தோம், தாத்தா விசில் ஊதினார், அம்மா பக்கத்திலேயே இருந்தார் என்பது மட்டும்தான் அன்றைக்கு அதற்குத் தெரியும். அம்மா பக்கத்தில் இருக்க வேண்டுமானால் அவர் வரவேற்பிலும் கணக்கிலும் கடனிலும் சிக்கிக்கொண்டிருக்கக் கூடாது. அடுத்த பிறந்த நாள் எந்த மாதம் என்று நாட்காட்டியைப் பாருங்கள். இந்த மாதமே 25 வெள்ளியை உண்டியலில் போட்டு, மளிகைக் கடைக்காரரிடம் பெட்டிக்குச் சொல்லி வையுங்கள்.